டர்ன்டேபிளுக்கு ஸ்பிரிங் கால்கள்: நான்கு மாத அனுபவம்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெக்கார்டு சுழலும் டர்ன்டேபிளுக்குள் வெளி அதிர்வு ஏறாமலிருக்க அடியில் வைக்கும் ஸ்பிரிங் கால்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் பெட்டியைப் பிரித்து அப்படியே அடியில் வைத்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். என் வீட்டில் முதல் நாள் நிலைமை முன்பைவிட மோசமாகத்தான் ஆனது. சரியாக அமைக்க இரண்டு வார இறுதிகள் பிடித்தன.

நான் இயந்திரப் பராமரிப்பு வேலையில் இருப்பவன். பம்ப், ஃபேன், கம்ப்ரஸர் என்று எது ஓடினாலும், பேரிங் மேல் திருப்புளியின் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்டே 20 வருஷம் ஓடியிருக்கிறது. அதனால் வீட்டில் ரெக்கார்டு கேட்கும்போது அடியில் ஏதோ ஒன்று உறுமுவது தெரிந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. எல்லா வாத்தியங்களும் ஓய்ந்து புல்லாங்குழல் மட்டும் மெதுவாக எழும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில்தான் அது வரும். ஒலி என்றுகூடச் சொல்ல முடியாது. அறையில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது மாதிரி ஓர் அழுத்தம். ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபரின் கூம்பைப் பார்த்தால் பாட்டுக்குச் சம்பந்தமில்லாமல் உள்ளே வெளியே போய் வந்துகொண்டிருந்தது.

என்னுடையது 6.5 கிலோ எடையுள்ள, மோட்டார் ஒரு பெல்ட்டால் தட்டைச் சுற்றும் பழைய பெல்ட் டிரைவ் டேபிள். உள்ளே சஸ்பென்ஷன் (அதிர்வைத் தடுக்கும் ஸ்பிரிங் ஏற்பாடு) கிடையாது, ஒரே பலகையில் மோட்டார், பேரிங், ஊசியைத் தாங்கும் டோன்ஆர்ம் எல்லாம் திருகப்பட்டிருக்கும். காலுக்குச் சாதாரண ரப்பர். இந்த விவரம் முக்கியம், பின்னால் வருகிறேன்.

கால்களை வாங்குவதற்கு முன் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்தேன். இதைச் செய்யாமல் கால் வாங்குவது வீண் செலவு. முதல் சோதனை: ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு வால்யூமை வழக்கமான அளவுக்கு ஏற்றுங்கள். அப்போதும் உறுமல் இருந்தால் அது அதிர்வே இல்லை, மின்சாரம். எர்த் வயர் தளர்ந்திருக்கலாம், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இருக்கலாம். ஆர்மைக் கையால் மெதுவாக நடுப்பக்கம் கொண்டு போகும்போது ஹம் (மின்சார ரீங்காரம்) கூடிக் குறைந்தால் கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்திய தலைப்பகுதி) ஏதோ ஒரு காந்தப்புலத்துக்குள் நுழைகிறது என்று அர்த்தம். இதற்கெல்லாம் உலகத்திலுள்ள எந்த ஸ்பிரிங்கும் உதவாது. எனக்கு எர்த் வயரின் முனையில் துரு இருந்தது, உரசித் துடைத்ததில் கொஞ்சம் ஹம் போனது. உறுமல் போகவில்லை.

இரண்டாவது சோதனையில் பிளாட்டரை (ரெக்கார்டைச் சுழற்றும் தட்டை) நிறுத்தி, அசையாமல் நிற்கும் ரெக்கார்டின் மேல் ஊசியை இறக்க வேண்டும். இப்போது கேட்பதெல்லாம் வெளியிலிருந்து வருவது. மூன்றாவது, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஊசி நின்ற ரெக்கார்டில் இருக்கும்போதே மோட்டாரை மட்டும் ஓடவிடுவது. கூடுவது மோட்டாரின் பங்கு. நான்காவது, மோட்டாரை அணைத்துவிட்டு பிளாட்டரைக் கையால் சுற்றிவிட்டு ஊசியை இறக்குவது. இப்போது வருவது பேரிங்கும் ரெக்கார்டும் சேர்ந்த சத்தம். வேறொரு ரெக்கார்டு போட்டால் மாறுகிறதா என்று பார்த்தால் இவ்விரண்டையும் பிரித்துவிடலாம், ஏனென்றால் சில ரெக்கார்டுகளில் பள்ளத்தை வெட்டும்போதே உறுமல் பதிந்திருக்கும்.

ஆம்ப்ளிஃபயரில் மோனோ பட்டன் இருந்தால் அதையும் அழுத்திப் பாருங்கள். ஸ்டீரியோ ரெக்கார்டில் ஊசியின் மேல்-கீழ் அசைவு இரண்டு சேனலிலும் எதிரெதிர்த் திசையில் வரும். மோனோவாக்கினால் ஒன்றை ஒன்று அடித்துவிடும். அழுத்தியதும் உறுமல் பாதிக்கு மேல் குறைந்தால் உங்கள் டேபிள் மேலும் கீழுமாக ஆடுகிறது. எனக்கு அப்படித்தான் குறைந்தது.

மோட்டார் சோதனையில் என் டேபிள் தோற்றது. ஏசி சிங்க்ரனஸ் மோட்டார், மின்சாரத்தின் அலைவெண்ணுக்கு இரட்டிப்பில் அதிரும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால் 100-இல், 60 என்றால் 120-இல். அந்த அதிர்வு பலகைக்குள் இறங்காமல் இருக்க மோட்டாரை மூன்று சிறிய ரப்பர் புஷ்ஷில் தொங்கவிட்டிருப்பார்கள். கழற்றிப் பார்த்தபோது மூன்றும் வயதாகி, நகத்தால் அழுத்தினால் பதியாத அளவுக்குக் கல்லாகியிருந்தன. புது புஷ் போட்டேன், அரை மணி நேர வேலை. 100 ஹெர்ட்ஸ் முனகல் அதோடு முடிந்தது. ஸ்பிரிங் கால் வாங்க நினைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: மோட்டாரும் ஊசியும் ஸ்பிரிங்குக்கு மேலே ஒரே பலகையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்கு நடுவே கால்கள் வருவதே இல்லை.

மீதி இருந்தது, நின்ற ரெக்கார்டிலும் கேட்கிற உறுமல். அதாவது வெளியிலிருந்து வருவது. அதுவும் எப்போதும் இருக்காது, வரும், போகும். கம்ப்யூட்டரில் ஒலிப்பதிவு செய்து பார்த்தேன். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் சாம்பிளிங்கை (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளப்பது என்பதை) 8000-க்குக் குறைத்து, ஒரு நிமிடம் பதிவு செய்து, ஸ்பெக்ட்ரம் வரைபடத்தில் அளவை 65536 என்று வைத்தால் ஒரு ஹெர்ட்ஸில் எட்டில் ஒரு பங்குவரை பிரித்துக் காட்டும். இந்த வேலைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். அதிர்வை அளக்க வீட்டில் இருப்பதிலேயே நுட்பமான கருவி அந்த ஊசிதான்.

வரைபடத்தில் 48.6 ஹெர்ட்ஸில் ஒரு முள் நின்றது. 50 இல்லை. தொழிலில் இருப்பவனுக்கு இதைப் பார்த்ததுமே மனதில் ஒன்று தட்டும். மின்சார ஹம் என்றால் சரியாக 50-இலும் அதன் மடங்குகளிலும் நிற்கும். 50-க்குச் சற்றுக் கீழே நின்றால் அது ஏதோ ஓர் இன்டக்‌ஷன் மோட்டார், ஸ்லிப் காரணமாகக் கொஞ்சம் பின்தங்கிச் சுற்றுகிறது. நிமிடத்துக்கு 2916 சுற்று. மகளைச் சமையலறையில் நிற்கச் சொல்லிவிட்டு மறுபடி ஊசியை இறக்கினேன். ஸ்பீக்கரில் உறுமல் எழுந்த அதே நொடியில் அங்கிருந்து குரல் வந்தது: "அப்பா, ஃப்ரிட்ஜ் ஆன் ஆயிடுச்சு!" சுவருக்கு அந்தப் பக்கம் ஃப்ரிட்ஜ், இந்தப் பக்கம் என் ரெக்கார்டு அலமாரி. அதன் கம்ப்ரஸர் அதிர்வு தரை வழியாக வந்து, அலமாரியில் ஏறி, ஊசியில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இவ்வளவு சின்ன அதிர்வு எப்படிக் கேட்கிறது என்று சந்தேகப்படுபவர்களுக்காக ஒரு கணக்கு. நொடிக்கு 5 சென்டிமீட்டர் வேகத்தில் அசையும் 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஊசி அசைவது சுமார் 8 மைக்ரான். அதைவிட 40 டெசிபல் மெல்லிய பகுதியில் 0.08 மைக்ரான். தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த அளவு அசைவைத்தான் நாம் இசையாகக் கேட்கிறோம். போதாததற்கு, 1954-இல் வந்த ஆர்ஐஏஏ என்ற பொது ஒலிப்பதிவு முறைப்படி ரெக்கார்டில் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துப் பதித்து, கேட்கும்போது ஃபோனோ ஸ்டேஜில் (ஊசியின் சிக்னலைப் பெருக்கும் பகுதியில்) திரும்ப உயர்த்துகிறார்கள். 50 ஹெர்ட்ஸில் இந்த உயர்த்தல் கிட்டத்தட்ட 17 டெசிபல், அதாவது ஏழு மடங்கு. 20 ஹெர்ட்ஸில் 19-க்கும் மேல். ரெக்கார்டுக்குள் இருக்கும் பேஸ் மட்டும் உயர்வதில்லை, தரையிலிருந்து ஏறி வந்ததும் சேர்ந்தே உயர்கிறது.

ஃப்ரிட்ஜையும் நகர்த்த முடியாது, அலமாரியையும் நகர்த்த முடியாது. இங்கேதான் கால்கள் வருகின்றன.

நான் முதலில் வாங்கியது பாலியூரித்தேன் அரைக்கோளங்கள். அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அந்த வகையில் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட எடை வரம்புக்காகச் செய்யப்பட்டது. எடை குறைந்தால் கெட்டி ரப்பர் மாதிரி நிற்கும், கூடினால் நசுங்கிப் படுத்துவிடும். எனக்கு வந்தவை என் டேபிளுக்கு மிகக் கெட்டியாக இருந்தன. மூன்று மாதத்தில் அலமாரியின் வார்னிஷில் நான்கு எண்ணெய் வட்டங்களையும் பதித்துவிட்டன.

அப்புறம்தான் இந்த ஸ்பிரிங் கால்கள். மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு அலுமினியத் தட்டுகள், நடுவில் ஏழு குழிகள், குழிக்கொன்றாகச் சுண்டுவிரல் நகத்தின் அகலத்தில் ஏழு சின்ன ஸ்பிரிங்குகள். ஸ்பிரிங்கை விரலால் எடுக்கலாம், போடலாம். நான்கு கால்கள் ஒரு செட். இதே வடிவம் பல பெயர்களில் கிடைக்கிறது, அதனால் நான் வாங்கிய பெட்டியின் மேலிருந்த பெயர் உங்களுக்கு உதவாது. வேலைப்பாடு சுத்தமாக இருக்கிறது. விளிம்பில் பிசிறு இல்லை. நான்கு கால்களையும் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தேன், உயரம் ஒன்றுபோல் இருந்தது.

முதல் நாள் ஏழு ஸ்பிரிங்கோடும் அப்படியே வைத்தேன். ஃப்ரிட்ஜ் உறுமல் குறைந்தது உண்மைதான். ஆனால் வூஃபர் ஆட்டம் பயமுறுத்தும் அளவுக்குக் கூடிவிட்டது. லேசாக வளைந்த ரெக்கார்டு போட்டால் கூம்பு தாறுமாறாக அடித்தது.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஸ்பிரிங் மேல் எடை வைத்தால் எத்தனை சென்டிமீட்டர் அமுங்குகிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுங்கள். வருவது அந்த அமைப்பு தானாக ஆடும் அலைவெண், ஹெர்ட்ஸில். ஏழு ஸ்பிரிங்கும் இருந்தபோது என் டேபிள் வெறும் 2 மில்லிமீட்டர் அமுங்கியது. அப்படியென்றால் 11 ஹெர்ட்ஸ். இன்னொரு பக்கம், டோன்ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து தமக்கென்று ஓர் ஆட்டம் வைத்திருக்கின்றன. ஆர்மின் செயல்நிறை (ஊசி உணரும் கனம்) 12 கிராம், கார்ட்ரிட்ஜும் திருகும் 7.5 கிராம், கார்ட்ரிட்ஜின் கம்ப்ளையன்ஸ் (ஊசி எவ்வளவு இளக்கமாக அசையும் என்ற அளவு) 13. 19.5-ஐ 13-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதால் வகுத்தால் சரியாக 10 ஹெர்ட்ஸ். ஆர்முக்கு 8 முதல் 12 வரை இருப்பது நல்லது என்பார்கள், அதில் குறையில்லை. ஆனால் நான் அதற்குப் பக்கத்திலேயே 11 ஹெர்ட்ஸில் இன்னோர் ஊஞ்சலைக் கட்டிவிட்டேன். இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தன.

வழி என்ன? ஸ்பிரிங்கைக் குறைக்க வேண்டும், அல்லது எடையைக் கூட்ட வேண்டும். காலுக்கு மூன்று ஸ்பிரிங் வைத்தேன். 5 மில்லிமீட்டர் அமுங்கியது, 7 ஹெர்ட்ஸ். தேவலாம். ஆனால் ரெக்கார்டை மாற்றக் கை பட்டாலே டேபிள் தள்ளாடியது. பிறகு 12 கிலோவில் ஒரு கருங்கல் பலகையைக் கால்களின் மேல் வைத்து, அதன் மேல் டேபிளை வைத்தேன். இதுதான் திருப்பம். கனம் கூடியதால் ஸ்பிரிங்கைக் கூட்டியும் நன்றாக அமுங்கியது, தள்ளாட்டமும் பெருமளவு அடங்கியது.

எந்த மூலைக்கு எத்தனை ஸ்பிரிங் என்பதை ஊகித்துப் போடாதீர்கள். சமையலறைத் தராசை ஒரு மூலையின் கீழே வைத்து, மற்ற மூன்று மூலைகளுக்கும் அதே உயரத்தில் புத்தகம் அடுக்கி, ஒவ்வொரு மூலையாக எடை பார்த்தேன். மோட்டார் இருக்கும் மூலை 2.1 கிலோ, ஆர்ம் மூலை 1.7, முன்பக்கம் 1.4-உம் 1.3-உம். கல்லின் பங்கு ஒவ்வொன்றுக்கும் 3 கிலோ கூடும். மோட்டார் மூலைக்கு ஆறு ஸ்பிரிங், மற்ற மூன்றுக்கும் ஐந்து. எல்லாம் 8 மில்லிமீட்டர் சொச்சம் அமுங்கி, ரசமட்டத்தைப் பிளாட்டர் மேல் வைத்தபோது குமிழி கிட்டத்தட்ட நடுவில் நின்றது. மீதி வித்தியாசத்துக்கு ஒரு மெல்லிய அட்டைத் துண்டு போதுமாயிருந்தது.

இப்போது 5.5 ஹெர்ட்ஸ். ஒரு ஸ்பிரிங் தன் அலைவெண்ணின் 1.4 மடங்குக்கு மேல்தான் அதிர்வைக் குறைக்கத் தொடங்கும், அதற்குக் கீழே வருவதைக் கூட்டவே செய்யும். எனக்கு அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. 25 ஹெர்ட்ஸில் வரும் அதிர்வு கணக்குப்படி இருபதில் ஒரு பங்காகிறது.

கணக்கு வேறு, வீடு வேறு. ஃப்ரிட்ஜின் 48.6 முள் முதலில் 18 டெசிபல்தான் இறங்கியது. கணக்கு அதைவிட எவ்வளவோ அதிகம் சொன்னது. பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். சிக்னல் கேபிளும் மின்சார ஒயரும் அலமாரியின் பின்பலகையில் இறுக்கமாகச் சாய்ந்து, டேபிளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. ஸ்பிரிங்கைத் தாண்டி அதிர்வு ஏறி வர அதுவே பாலம். இரண்டையும் தளர்த்தி, ஒரு வளையம் தொங்கும்படி விட்டதில் இன்னும் 4 டெசிபல் இறங்கியது. மொத்தம் 22, ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு. புல்லாங்குழல் இடத்தில் இப்போது ஃப்ரிட்ஜ் ஓடுகிறதா இல்லையா என்று ஸ்பீக்கரைக் கேட்டுச் சொல்ல முடியவில்லை.

ஸ்பீக்கர் வழியாகத் திரும்பி வரும் அதிர்விலும் நல்ல மாற்றம். நின்ற ரெக்கார்டில் ஊசியை வைத்து வால்யூமை மெல்ல ஏற்றினால், பழைய ரப்பர் காலில் குமிழ் 12 மணி நிலைக்கு வரும்போதே ஊளை எழும். இப்போது 3 மணி தாண்டியும் எழவில்லை. இந்தச் சோதனையைச் செய்பவர்கள் கையைக் குமிழிலேயே வைத்திருங்கள், ஊளை ஆரம்பித்தால் வூஃபருக்கு ஆபத்து. ஆனால் இதில் எல்லாப் பெருமையும் கால்களுக்கில்லை. ஒரே அலமாரியில் இருந்த ஸ்பீக்கர்களைத் தனி ஸ்டாண்டுக்கு மாற்றியதிலும், கேட்கும்போது தூசிமூடியை முழுசாகக் கழற்றி வைப்பதிலும் பாதி வந்தது. அந்த மூடி ஓர் ஒலிவாங்கி மாதிரி அறையின் சத்தத்தையெல்லாம் பிடித்துப் பலகைக்குள் இறக்குகிறது. மூடியைத் திறந்து நிறுத்தினால் கனமும் பின்பக்கம் சாய்ந்து மட்டம் கெடும்.

குறைகள் உண்டு. இந்தக் கால்களில் அடக்கும் பொருள் எதுவுமே இல்லை, வெறும் ஸ்பிரிங். கல்லை ஒரு தட்டு தட்டினால் ஆட்டம் நிற்க நான்கைந்து நொடி ஆனது. காலியான குழிகளில் மெத்தை நுரையை வெட்டித் திணித்தேன், ஒன்றரை நொடியாகக் குறைந்தது. இதைத் தயாரிப்பவரே செய்து தரலாம். மேல்தட்டு வழுக்குகிறது, மெல்லிய ரப்பர் தாள் ஒட்ட வேண்டியிருந்தது. ஆர்மைக் கையால் இறக்கும் பழக்கம் உள்ளவர்கள் கியூ லீவருக்கு (ஆர்மைத் தூக்கி இறக்கும் நெம்புகோலுக்கு) மாறிவிடுங்கள், ஆடும் மேடையில் கைக்கு நிதானம் கிடைக்காது.

நடக்கும்போது தரை அதிர்ந்து ஊசி துள்ளுவதுதான் உங்கள் பிரச்சினை என்றால் இதை வாங்காதீர்கள். காலடி ஒன்றிரண்டு ஹெர்ட்ஸில் வருவது. ஸ்பிரிங் அதை அப்படியே மேலே அனுப்பும், கூட்டவும் செய்யும். அதற்கு உறுதியான சுவரில் அடிக்கும் தாங்கிப் பலகைதான் மருந்து. உள்ளேயே சஸ்பென்ஷன் உள்ள டேபிள்களுக்கும் இது வேண்டாம். 1961-இல் அக்கவுஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்துக்காக எட்கர் வில்ச்சர் வடிவமைத்த டேபிளில் பிளாட்டரும் ஆர்மும் ஒரே சட்டத்தில் சேர்ந்து மூன்று ஸ்பிரிங்கில் தொங்கும், மோட்டார் மேல்பலகையோடு நின்றுவிடும். வெளி அதிர்வையும் மோட்டார் அதிர்வையும் ஒரே அடியில் தடுத்த ஏற்பாடு அது, பின்னால் வந்த பலரும் அந்த வழியில் போனார்கள். அப்படிப்பட்ட டேபிளின் கீழே இன்னொரு ஸ்பிரிங் வைத்தால் இரண்டு ஆட்டங்களும் மோதிக்கொள்ளும்.

எனக்குள்ள பெரிய வருத்தம், ஒரு ஸ்பிரிங் எவ்வளவு எடை தாங்கும் என்று பெட்டியில் ஒரு வரிகூட இல்லாததுதான். நானே அளந்தேன். ஒரு காலில் மூன்று ஸ்பிரிங் மட்டும் வைத்து, அதன் மேல் எடை தெரிந்த பொருளை ஏற்றி, தட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை முன்னும் பின்னும் ஸ்கேலால் பார்த்தேன். எனக்கு வந்தவை ஒவ்வொன்றும் 107 கிராமுக்கு 1 மில்லிமீட்டர் அமுங்குகின்றன. உங்களுக்கு வருவது வேறாக இருக்கலாம், ஐந்து நிமிடம் செலவழித்து அளந்துவிடுங்கள். மூலைக்கு எத்தனை கிலோ என்று தெரிந்தால், 8 முதல் 10 மில்லிமீட்டர் அமுங்க எத்தனை ஸ்பிரிங் வேண்டும் என்பது ஒரு வகுத்தல்தான். தட்டுகள் ஒன்றோடொன்று முட்டாமல் இடைவெளி மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டினால் அந்த மூலையில் ஸ்பிரிங் இல்லாததற்குச் சமம்.